‘டேக்’ என்ற ஒரு சொல்லும் ஸ்பானிஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் மாலை நேரங்களில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பலர் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருபவர்கள். மெக்ஸிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருப்பவர்கள். சிலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி கல்லூரிகளில் படித்துவிட்டு ஸ்பெயினில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள். எல்லோரும் கையில் ஆங்கிலத்தோடு வருகிறார்கள். எல்லோரும் தடுக்கி நிற்கிற இடம் ‘டேக்’ (take) என்ற ஆங்கில வினைச்சொல். புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் இதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது; பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்து எழுதியவை.

டேக்-க்கு ஸ்பானிஷ்ல என்ன மேடம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால் ‘தோமார்’. அகராதியிலும் அதுதான் முதலில் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் செருப்பைக் கழற்ற முடியாது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது.

அன்றாடப் பேச்சுக்கு ஆறு வினைகள் தேவை: தோமார், ஸக்கார், கோஹேர், யேவார், கித்தார், தர்தார். இவற்றோடு ‘தார்’ (கொடு), ‘அஸேர்’ (செய்) சேர்ந்த சில வழக்குகளும் உண்டு. ஆறையும் இன்றே மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தப் பிரிவுகளில் பெரும்பாலானவை உங்கள் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன.

இங்கிலீஷ்ல இருந்து ஸ்பானிஷ்க்கு நேரா போறதுதானே சுலபம்? ரெண்டுக்கும் ஒரே எழுத்து. நடுவுல தமிழ் எதுக்கு?

எழுத்து ஒன்றுதான். ஆனால் ஆங்கிலம் ‘டேக்’ என்ற ஒரே சொல்லில் போட்டோவையும் பஸ்ஸையும் மாத்திரையையும் நேரத்தையும் அடக்கிவிடுகிறது. நாம் வீட்டில் போட்டோ எடுக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், மாத்திரை போடுகிறோம், ‘நேரமாகும்’ என்கிறோம். நான்குக்கும் நான்கு வினைகள். ஸ்பானிஷும் இப்படித்தான் பிரித்துப் பேசுகிறது. பிரிக்கிற இடமும் பல சமயம் தமிழோடு ஒத்துப்போகிறது.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஆங்கில வாக்கியம் முன்னால் இருந்தால், அதை முதலில் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். எந்த வினை வாயில் வருகிறதோ அதை வைத்து ஸ்பானிஷ் வினையைத் தேடுங்கள். தமிழும் சில இடங்களில் வழிமாற்றிவிடும். அவற்றைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உச்சரிப்பு எப்படி? தமிழ் எழுத்துல எழுதிப் படிச்சா கெட்டுப் போயிடாதா?

கெடாது. ஆங்கில உச்சரிப்பில் படிப்பதைவிட இது நன்றாகவே வரும். ஸ்பானிஷில் ‘ட’ ஒலி கிடையாது. நாக்கு நுனி மேல்பல்லைத் தொடுகிற நம் ‘த’தான். ‘டோமார்’ என்றால் ஆங்கிலேயர் பேசுகிற மாதிரி கேட்கும், ‘தோமார்’ என்றால் சரி. சொல்லின் நடுவே ‘த்த’ அழுத்தமாகவும் ‘த’ மென்மையாகவும் ஒலிப்பது இரண்டு மொழிக்கும் பொது. ‘பத்து’, ‘பதம்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள், அந்த வித்தியாசம்தான் ஸ்பானிஷிலும்.

சொல் முதலில் வரும் ‘த’ மட்டும் தமிழ் எழுத்தில் குழப்பும். ‘தோமார்’ என்பதற்குத் ‘தோட்டம்’ என்பதில் வரும் ஒலி. ‘தார்’ என்பதற்குத் ‘தானம்’ என்பதில் வரும் ஒலி. ‘கோஹேர்’ என்பதில் ‘ஹே’ தொண்டையிலிருந்து வர வேண்டும். இந்த வினைகளில் எல்லாம் அழுத்தம் கடைசி அசையில். ‘யேவார்’ என்பதை புவெனோஸ் ஐரெஸ் பக்கத்தில் ‘ஷேவார்’ என்பார்கள். கேட்டால் திகைக்க வேண்டாம், அதே சொல்தான்.

‘எடு’ன்னு வந்தா எதைப் போடணும்? தோமாரா, ஸக்காரா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ‘ஸக்கார்’ என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. கிணற்றிலிருந்து தண்ணீர், பையிலிருந்து சாவி, ஏடிஎம்மில் பணம், லேபில் ரத்தம் எல்லாம் ‘ஸக்கார்’. இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு மேல்தான் தமிழ் கைகொடுக்கிறது. நாம் பரீட்சையில் மார்க் ‘எடுக்கிறோம்’. ஸ்பானிஷிலும் ‘ஸக்கார் ப்வேனாஸ் நோத்தாஸ்’, நல்ல மார்க் எடு. நாம் டிக்கெட் எடுக்கிறோம், அவர்களும் ‘ஸக்கார்’. ஜெராக்ஸ் எடு, லைசென்ஸ் எடு, போட்டோ எடு எல்லாவற்றுக்கும் ‘ஸக்கார்’ போடலாம். ஆங்கிலத்தில் மார்க்குக்கு ஒரு வினை, டிக்கெட்டுக்கு ஒன்று, ஜெராக்ஸுக்கு இன்னொன்று. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இந்த ஒற்றுமையைப் பார்க்கவே மாட்டார். போட்டோவுக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு வழக்குகளும் உண்டு: ஸ்பெயினில் ‘அஸேர்’, லத்தீன் அமெரிக்காவில் ‘தோமார்’ அதிகம்.

மனசு சம்பந்தப்பட்ட ‘எடு’ என்றால் ‘தோமார்’. முடிவு எடு என்பது ‘தோமார் ஊனா தெஸிஸ்யோன்’, நடவடிக்கை எடு என்பது ‘தோமார் மெதீதாஸ்’, குறிப்பு எடு என்பது ‘தோமார் நோத்தா’. கையால் எடுத்து வெளியே காட்ட முடிகிறதா, எங்கிருந்தாவது பெற்றுக் கையில் வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். ஆமாம் என்றால் ‘ஸக்கார்’. ‘பசி எடுக்குது’ இரண்டிலும் சேராது. அதற்கு ‘தெங்கோ ஆம்ப்ரே’, ‘எனக்குப் பசி இருக்கிறது’ என்கிற மாதிரி.

‘டேக் த பஸ்’ எப்படிச் சொல்றது? ஒரு புத்தகத்துல கோஹேர், இன்னொண்ணுல தோமார் இருக்கு.

இரண்டும் சரி, நாடு வேறு. ஸ்பெயினில் ‘கோஹேர் எல் அவுத்தோவூஸ்’. இந்தக் ‘கோஹேர்’ நம் ‘பிடி’. ஓசூர் பஸ்ஸைப் பிடி, பந்தைப் பிடி, திருடனைப் பிடி, கையைப் பிடி, சளி பிடித்துவிட்டது: ஸ்பெயினில் ஐந்துக்கும் ‘கோஹேர்’ போதும். ‘பிடி’ என்று தமிழில் வந்தால் ‘கோஹேர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ, பழம் பறிப்பதற்கும் அங்கே இதே வினைதான். சேர்த்தெடு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது.

மெக்ஸிகோ, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் பஸ்ஸுக்கு ‘தோமார்’. பஸ்ஸின் பெயரும் மாறும்: மெக்ஸிகோவில் ‘கம்யோன்’, அர்ஜென்டினாவில் ‘கொலெக்தீவோ’, கியூபாவில் ‘குவாகுவா’. ஸ்பெயினில் ‘கம்யோன்’ என்றால் லாரி.

மெக்ஸிகோ கிளையன்ட்கிட்ட கோஹேர் சொல்லக் கூடாதுன்னு சீனியர் சொன்னாங்க. ஏன்?

உங்கள் சீனியர் சொன்னது சரி. மெக்ஸிகோ, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே நாடுகளில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். கேட்கிறவர் உங்களை வெளிநாட்டவர் என்று புரிந்துகொள்வார்தான், ஆனாலும் பேச்சு தடைப்படும். ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் கியூபாவிலும் இது சாதாரணச் சொல், சின்னக் குழந்தையும் சொல்லும்.

மெக்ஸிகோ போன்ற நாடுகளில் ‘பிடி’க்கு ‘அகர்ரார்’ போடுங்கள். பந்து, கை, சளி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பஸ்ஸுக்கு மேலே சொன்ன ‘தோமார்’. எந்த நாட்டுக்காரரோடு பேசப் போகிறோம் என்று தெரியாதபோது இவை இரண்டும் எங்கேயும் பாதுகாப்பானவை.

காபி, டீ, மாத்திரை?

மூன்றுக்கும் ‘தோமார்’. சூப்புக்கும் அதுதான். தண்ணீருக்கு ஸ்பெயினில் ‘பெவேர்’, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘தோமார்’. ஆனால் யாராவது எதைக் குடிப்பது என்று சொல்லாமல் ‘¿தோமாஸ்?’ என்று மட்டும் கேட்டால், மது குடிப்பீர்களா என்று அர்த்தம். நம் ஊரில் ‘அவர் குடிப்பாரா?’ என்று மொட்டையாகக் கேட்டால் எப்படியோ அப்படி.

‘மாத்திரை போடு’ என்று நினைத்து ‘போனேர்’ என்ற வினைக்குப் போகாதீர்கள். ஊசிக்கு மட்டும்தான் ‘போனேர்’. அங்கே நம் ‘ஊசி போடு’ அப்படியே பொருந்தும்.

ஆளைக் கூட்டிட்டுப் போறதும் பொருளை எடுத்துட்டுப் போறதும் தமிழ்ல வேற வேற. ஸ்பானிஷ்ல?

இங்கே ஆங்கிலம் மாதிரியே ஒரே வினை: ‘யேவார்’. லத்தீனில் தூக்கு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. அம்மாவையும் மாம்பழக் கூடையையும் அதே வினையால் கொண்டுபோகலாம்.

ஆனால் வித்தியாசம் முழுக்கப் போய்விடவில்லை. ‘மாம்பழம் எடுத்துட்டுப் போறேன்’ என்னும்போது மாம்பழத்துக்கு ‘ஐ’ சேர்ப்பதில்லை. ‘அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்’ என்னும்போது ‘ஐ’ இல்லாமல் வாக்கியமே நிற்காது. ஸ்பானிஷிலும் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ‘ஆ’ என்ற சிறு சொல் வர வேண்டும்: ‘யேவோ மாங்கோஸ்’, ஆனால் ‘யேவோ ஆ மி மாத்ரே’. ஆங்கிலத்தில் இப்படி எதுவும் இல்லாததால், ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் அந்த ‘ஆ’வை நெடுநாள் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடக் காரணமே இல்லை. வீட்டு நாய்க்கும் இந்த ‘ஆ’ உண்டு.

ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ‘இட் டேக்ஸ் ஒன் அவர்’. இதை எப்படி?

இரண்டு வழி. முதல் வழி ‘தர்தார்’. இதில் போகிற ஆளோ பஸ்ஸோதான் எழுவாய்: ‘தர்தோ ஊனா ஓரா’ என்றால் ‘எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது’. பொதுவாகச் சொல்ல ‘ஸெ தர்தா ஊனா ஓரா’. ‘நோ தர்தெஸ்’ என்றால் ‘லேட் பண்ணாதே’. மெதுவான என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல் இதன் வேர் என்பதால் அந்தத் தாமதச் சாயல் இருக்கிறது.

இரண்டாவது வழி ‘யேவார்’: ‘மெ யேவா ஊனா ஓரா’. இதில் ஆள் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வருகிறார், அதனால் தமிழருக்கு இது சீக்கிரம் பழகும். லத்தீன் அமெரிக்காவில் இதே அமைப்பில் ‘தோமார்’ போட்டும் பேசுவார்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ‘யேவோ தோஸ் ஆஞோஸ் என் ஓசூர்’ என்றால் ‘ஓசூருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு’. இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்பதும் அதில் அடக்கம்.

எக்ஸாம் ‘டேக்’ பண்றது? கிளாஸ் ‘டேக்’ பண்றது?

பரீட்சையை நாம் எழுதுகிறோம். ஸ்பெயினில் ‘செய்கிறார்கள்’ (அஸேர்), மெக்ஸிகோவில் ‘ப்ரெஸெந்தார்’, பெருவிலும் சிலியிலும் ‘தார்’, அர்ஜென்டினாவில் ‘ரெந்தீர்’. ‘தோமார்’ போட்டால் சில நாடுகளில் பரீட்சை வைக்கிற ஆசிரியர் நீங்கள் என்று ஆகிவிடும்.

வகுப்பில்தான் தமிழ் வழிமாற்றுகிறது. ‘கிளாஸ் எடுக்கிறேன்’ என்றால் நமக்குப் பாடம் நடத்துவது. அதை அப்படியே ‘தோமார்’ என்று மாற்றினால், பாடம் கற்றுக்கொள்கிறேன் என்று ஆகிவிடும். நேர்முகத் தேர்வில் ஒரு ஆசிரியை இப்படிச் சொன்னால் அவர் அனுபவமே தலைகீழாகப் போகும். நடத்துவதற்கு ‘தார் க்ளாஸே’, படிப்பதற்கு ‘தோமார் க்ளாஸெஸ்’ அல்லது ‘வகுப்புக்குப் போகிறேன்’.

‘டேக் ஆஃப்’ன்னா செருப்பா, ப்ளேனா?

செருப்பு, சட்டை, கண்ணாடி எல்லாம் ‘கித்தார்ஸே’. ‘உன் செருப்பை’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாம் வாசலில் ‘செருப்பைக் கழட்டிட்டு வாங்க’ என்போம், யார் செருப்பு என்று சொல்வதில்லை. ஸ்பானிஷும் நம் மாதிரிதான்: ‘கீத்தாத்தே லோஸ் ஸப்பாத்தோஸ்’. விமானம் கிளம்புவது ‘தெஸ்பெகார்’. ஒட்டியிருப்பதைப் பிரிப்பதற்கும் அதே வினை.

‘ஸே’ இல்லாமல் வெறும் ‘கித்தார்’ என்றால் பிறரிடமிருந்து பிடுங்குவது. ‘லெ கித்தாரோன் எல் மோவில்’, அவனிடமிருந்து செல்போனைப் பிடுங்கிவிட்டார்கள். இதில் ‘லெ’ என்பது ‘அவனுக்கு’. ‘அவனிடமிருந்து’ என்று தமிழில் யோசித்து வேறு சொல்லைத் தேடாதீர்கள். பிடுங்கினாலும் கொடுத்தாலும் ஸ்பானிஷில் அதே ‘லெ’தான்.

டேக் எ வாக், டேக் எ பாத், டேக் எ லுக்… இப்படி நிறைய இருக்கே?

இவற்றில் ‘டேக்’ வெறும் துணைச்சொல். நட, குளி, பார் என்று தமிழில் ஒரே வினையாக்கிவிடுங்கள். குளிப்பது ‘பஞார்ஸே’, உட்காருவது ‘ஸெந்தார்ஸே’. ஹொகேனக்கலில் சும்மா ஒரு நடை போய்வருவது ‘தார் உன் பஸேயோ’. மதியம் கொஞ்சம் கண்ணயர்வதும், ஒரு பார்வை பார்ப்பதும் ‘எச்சார்’ என்ற வினையோடு வரும்.

மெயில் முடிவுல ‘டேக் கேர்’ போடலாமா?

நண்பருக்கு ‘க்வீதாத்தே’, ‘உடம்பைப் பார்த்துக்கோ’. மரியாதையாக ‘க்வீதெஸே’. அலுவலக மெயிலை இப்படி முடிக்கும் வழக்கம் இல்லை, ‘ஸலூதோஸ்’ போதும்.

‘நான் பாத்துக்கறேன்’ என்று வேலையைப் பொறுப்பெடுத்துக்கொள்வது இதிலிருந்து வேறு. அதற்கு ‘மெ என்கார்கோ யோ’. ஆங்கிலத்திலும் தமிழிலும் உடம்பையும் வேலையையும் ஒரே சொல்லால் பார்த்துக்கொள்வதால் இந்த இடத்தில் இரண்டு மொழியும் உதவாது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

சில வினைல கடைசியா ‘ஸே’ ஒட்டிக்குதே, அது எப்போ வரும்?

தமிழ் ‘கொள்’ளை நினைத்துக்கொள்ளுங்கள். எடு வேறு, எடுத்துக்கொள் வேறு. செயல் திரும்பிச் செய்பவரிடமே வந்து சேர்வதை நாம் ‘கொள்’ போட்டுக் காட்டுகிறோம். ஸ்பானிஷ் ‘ஸே’ போட்டுக் காட்டுகிறது (செய்பவர் ‘நான்’ என்றால் அது ‘மெ’ ஆகும், ‘நீ’ என்றால் ‘தெ’). கடையில் புடவையைப் பார்த்துவிட்டு ‘இதை எடுத்துக்கறேன்’ என்பது ‘மெ லோ யேவோ’. ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்பது ‘நோ ஸெ லோ தோமெ ஆ மால்’. இந்த இரண்டாவது வாக்கியம் சொல்லுக்குச் சொல் நம் வாக்கியமேதான். ஆங்கிலத்திலிருந்து வருபவருக்கு இது இலக்கணப் பாடத்தில் வெகுநாள் கழித்து வரும். நம் வகுப்பில் முதல் வாரமே வருகிறது.

முழுக்கப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ‘கற்றுக்கொள்’, ‘ஒத்துக்கொள்’ இரண்டுக்கும் ஸ்பானிஷில் ‘ஸே’ கிடையாது. ‘உட்கார்’, ‘எழுந்திரு’ இரண்டுக்கும் தமிழில் ‘கொள்’ தேவையில்லை, ஸ்பானிஷில் ‘ஸே’ கட்டாயம். எடுத்தல், வைத்தல், கழற்றல் போன்ற கைவினைகளில் நம்பலாம், மற்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்ல தெலுங்குதான். பக்கத்து வீட்ல கன்னடம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இந்த மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நன்றாகவே பொருந்தும். தெலுங்கு ‘தீஸுகோ’, கன்னட ‘தகோ’ இரண்டின் முடிவிலும் இருக்கும் ‘கோ’, நம் ‘கொள்’ளுக்கு உறவு. கன்னடத்தில் பஸ்ஸை ‘ஹிடி’ என்பதும் தெலுங்கில் ‘பட்டுகோ’ என்பதும் ‘பிடி’தான், அதாவது ஸ்பெயினின் ‘கோஹேர்’. தமிழில் சொல்லிப் பாருங்கள் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் உங்கள் வீட்டு மொழியில் சொல்லிப் பாருங்கள். வகுப்புக்காக வீட்டு மொழியை மாற்ற வேண்டாம்.

டேக் ப்ளேஸ், டேக் ஆஃப்டர், டேக் ஃபார் கிராண்டட்… இதெல்லாம் தனியா மனப்பாடம் பண்ணணுமா?

‘டேக் ப்ளேஸ்’ என்பது ‘நடக்கும்’. ‘தெனேர் லுகார்’ எங்கும் போடலாம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஓசூர் தேர்த் திருவிழா மாதிரி ஏற்பாடு செய்து நடத்துவதற்கு ‘ஸெ ஸெலேவ்ரா’ இன்னும் இயல்பு. விபத்துக்கு அதைப் போடக் கூடாது, கொண்டாடுவது என்ற பொருளும் அந்த வினைக்கு உண்டு.

‘டேக் ஆஃப்டர்’ என்றால் ஜாடை. ‘தாத்தாவைக் கொண்டு பொறந்திருக்கான்’ என்போம். அவர்கள் ‘ஸாலியோ ஆ ஸு அவுவேலோ’, தாத்தாவின் பக்கமாக வெளிவந்தான், என்பார்கள். ‘டேக் ஃபார் கிராண்டட்’ என்பது ‘தார் போர் ஏச்சோ’, நடந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வது. விஷயங்களுக்கு இது சரி. ஒருவரின் அருமை தெரியாமல் இருப்பதைச் சொல்ல ‘மதிப்பதில்லை’ என்று நேராகவே சொல்லுங்கள். ‘டேக் அட்வான்டேஜ்’ என்பதற்கு ‘அப்ரொவெச்சார்’, வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது. அதோடு ‘ஸே’ சேர்ந்து ஒரு மனிதரும் வந்தால், அவரைச் சுரண்டுவது என்று ஆகிவிடும்.

டெல்லி செர்வாந்தெஸ் (ஸ்பெயின் அரசோட மொழி நிறுவனம்) நடத்துற தேர்வுல மெக்ஸிகோ வழக்கு எழுதினா மார்க் போயிடுமா?

போகாது. அவர்களின் ஸ்பானிஷ் திறன் தேர்வான ‘தெலே’யில் எந்த ஸ்பானிஷ் நாட்டின் பொது வழக்கும் ஏற்கத்தக்கது. ஒரு விடைத்தாளில் ஒரு நாட்டு வழக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே எழுதுங்கள். முதல் பத்தியில் ‘கோஹேர்’, அடுத்த பத்தியில் ‘கம்யோன்’ ஏறுவது என்று கலந்தால் படிப்பவருக்குக் குழப்பம்.

‘உங்க வீட்டுக்கு வரும்போது மாம்பழம் கொண்டு வரேன்’னு சொன்னேன். டீச்சர் ‘த்ராயேர்’ தப்புன்னாங்க. ‘கொண்டு வா’ன்னா த்ராயேர்தானே?

இந்தப் பக்கத்திலேயே கடினமான இடம் இது. தமிழ் இங்கே கைவிட்டுவிடும். போனில் அம்மா கூப்பிட்டால் ‘இதோ வரேன்’ என்கிறோம். கேட்பவர் இருக்கும் இடத்தை மையமாக வைக்கிறோம். ஆங்கிலமும் அப்படியே. ஸ்பானிஷில் மையம் எப்போதும் பேசுகிறவர் நிற்கிற இடம். அதனால் ‘இதோ வரேன்’ என்பது ‘யா வோய்’, அதாவது ‘இதோ போறேன்’. முதல் தடவை கேட்கும்போது மனசுக்கு ஒப்பாது.

‘த்ராயேர்’ என்பது நான் இப்போது இருக்கும் இடத்துக்குக் கொண்டு வருவது. ‘யேவார்’ என்பது வேறு எங்கும் கொண்டு போவது. நீங்கள் ஓசூரில் இருந்துகொண்டு தர்மபுரி நண்பரிடம் பேசினால், மாம்பழம் உங்களை விட்டு விலகித்தான் போகிறது. ஆகவே ‘தெ யேவோ மாங்கோஸ்’. நண்பர் வீட்டில் கூடையை இறக்கி வைத்த பிறகு ‘தெ த்ராஹே மாங்கோஸ்’, கொண்டு வந்திருக்கிறேன். பேசுவதற்கு முன் என் கால் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

‘ஐ காண்ட் டேக் இட்’, ‘இட் டேக்ஸ் கட்ஸ்’ இதுலயும் டேக் இருக்கே?

தாங்க முடியல: ‘நோ ப்வேதோ மாஸ்’. அதுக்கெல்லாம் தைரியம் வேணும்: ‘ஆஸே ஃபால்தா வலோர்’. கார்டு வாங்குவீங்களா: ‘¿அஸெப்தான் தர்ஹேத்தா?’. இரண்டாவது கேள்வியின் பதிலில் சொன்ன முறையை இவற்றில் செய்து பார்த்தால் போதும்.

ஒருத்தர் என்கிட்ட ‘தெ தோமோ லா பலாவ்ரா’ன்னாரு. ‘டேக் மை வர்ட்’ மாதிரியா?

இல்லை. ஆங்கிலத்தில் அது ‘நான் சொல்றதை நம்பு’. ஸ்பானிஷில் அவர் உங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டார்: ‘நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் மாத்தக் கூடாது’. நீங்கள் ஏதோ உதவி செய்வதாகவோ விருந்து கொடுப்பதாகவோ பேச்சுவாக்கில் சொல்லியிருப்பீர்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டு நாள் குறிக்கத் தயாராகிவிட்டார். ‘என்னை நம்பு’ என்று சொல்ல வேண்டுமானால் ‘க்ரேயெமே’.

நடுவில் ‘தெ’ இல்லாமல் ‘தோமார் லா பலாவ்ரா’ என்று வந்தால் கூட்டத்தில் பேசத் தொடங்குவது. ‘தோமார் எல் பேலோ’ என்றால் முடியைப் பிடுங்குவது அல்ல, கலாய்ப்பது. இவை இரண்டையும் உங்கள் கிளையன்ட் பேச்சில் அடிக்கடி கேட்பீர்கள். ‘தெ தோமோ லா பலாவ்ரா’ என்று கேட்டால் மட்டும், எதற்குச் சம்மதித்தோம் என்று அவரிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.